பியானோவுக்கு நான்கு எலுமிச்சம்பழம்

எங்கள் மலையூரின் ஒண்டிக்கடைச் சந்திப்பில் நான் ரொட்டி வாங்கும் பேக்கரியின் கண்ணாடிக் கதவில், காணாமல் போன நாயின் படத்துக்கும் 'வீடு வாடகைக்கு' என்ற தாளுக்கும் நடுவே அந்த அறிவிப்பை ஒட்டியிருந்தார்கள். சேர்வராயன் மலை வட்டார பியானோ போட்டி. இளம் கலைஞர்கள், வளரும் கலைஞர்கள் என்று இரண்டு பிரிவுகள். இளம் கலைஞர் என்றால் பதினெட்டு வயது நிறையாதவர். வளரும் கலைஞர் என்றால் கற்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் நிறையாதவர். இரண்டாவது பிரிவுக்கு வயது உச்சவரம்பு எதுவும் குறிப்பிடப்படவில்லை.

முப்பத்தாறு ஆண்டுகள் வட்டாட்சியர் அலுவலகங்களில் விதிகளைப் படித்துப் பிழைத்தவன் நான். ஒரு விதியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை எல்லோரும் படிப்பார்கள். எதை எழுதாமல் விட்டிருக்கிறார்கள் என்று படிப்பவனுக்குத்தான் பதவி உயர்வு. எனக்கு வயது அறுபத்து மூன்று. பியானோ கற்கத் தொடங்கி இரண்டு ஆண்டுகள் ஏழு மாதங்கள். ஆகவே விதிப்படி நான் வளரும் கலைஞன். கையில் ரொட்டியோடு அந்தக் கதவின் முன்னால் நின்று இதை இரண்டு முறை சரிபார்த்தேன். பேக்கரிக்காரர் நாய் என்னுடையதா என்று விசாரித்தார்.

பியானோ என் வாழ்க்கைக்குள் வந்தது ஆசையால் அல்ல, ஒரு பொருட்பட்டியலால். ஓய்வு பெற்றதும் சேலத்து வெயிலை விட்டு மேலே வந்து நாங்கள் வாடகைக்கு எடுத்த வீட்டில், முன்பு குடியிருந்தவர்கள் ஒரு பழைய பியானோவை விட்டுப் போயிருந்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் அதைக் கீழே இறக்க யாரும் சம்மதிக்கவில்லையாம். வாடகை ஒப்பந்தத்தின் இணைப்பில் 'மின்விசிறி மூன்று, கட்டில் இரண்டு, பியானோ ஒன்று, அனைத்தும் நல்ல நிலையில்' என்று இருந்தது. அதன் கீழே நான் கையெழுத்திட வேண்டும். சரிபார்க்காமல் நான் எதிலும் கையெழுத்திட்டதில்லை. எண்பத்தெட்டுக் கட்டைகளையும் இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக அழுத்தி நோட்டில் குறித்துக்கொண்டேன். பதினொன்று ஒலிக்கவில்லை. இரண்டு ஒலிக்கத் தொடங்கிவிட்டு நிற்க மறுத்தன.

கணக்கெடுப்பு முடிந்ததும் என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, இதுல பாட்டும் வருமுங்களா, இல்ல இப்படித்தானா?"

அதைச் சரிபார்க்கத்தான், பழுது பார்த்த கையோடு, ஓர் ஆசிரியையை அமர்த்தினேன். உறைவிடப் பள்ளி ஒன்றில் இசை கற்பிக்கும் இருபத்து நான்கு வயதுப் பெண். சனிக்கிழமை காலைகளில் ஸ்கூட்டரில் வருவார். முதல் இரண்டு ஆண்டுகள் கிட்டத்தட்ட விரல்களுக்கே சரியாகப் போயிற்று. அதன் பிறகு மூன்று தாளக்கட்டில் அமைந்த ஒரு சின்ன நடனத்தைக் கொடுத்தார். இரண்டு பக்கம், பக்கத்துக்கு நான்கு வரி, மொத்தம் எட்டு வரி. நிதானமாக வாசித்தால் இரண்டே கால் நிமிடம். பத்து வயதுப் பிள்ளைகள் வாசிக்கும் துண்டு என்று அவர் சொல்லவில்லை. புத்தகத்தின் அட்டையில் இருந்த முயல் சொல்லியது.

எட்டு மாதங்களில் அந்த நடனத்தை நான் ஒருமுறைகூட முடித்ததில்லை.

ஆறாவது வரியில் இடது கை நீளமாக ஒரு தாவல் தாவ வேண்டும். பத்தில் ஒன்பது தடவை அது பக்கத்துக் கட்டையில் போய் விழும். பத்தாவது தடவை சரியாக விழுந்துவிட்ட திகைப்பில் வலது கை தவறும். தவறியதும் இரண்டு கைகளும் தாமாக எழுந்து முதல் வரிக்குத் திரும்பிவிடும். இது விரல்களின் குற்றம் அல்ல. கோப்பில் ஒரு பிழை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவற்றுக்கு முப்பத்தாறு ஆண்டுகள் பயிற்சி கொடுத்திருக்கிறேன். பிழையுள்ள கோப்பு மேலே போகக்கூடாது. குறிப்பெழுதி, தொடங்கிய மேஜைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். அப்படித் திருப்பி அனுப்பிய கோப்புகளில் எத்தனை மறுபடி வந்தன, எத்தனை வரவேயில்லை என்பது எனக்குத் தெரியாது. அது அடுத்த மேஜையின் வேலை.

ஆசிரியை பொறுமையாகத்தான் சொல்லிப் பார்த்தார்.

"சார், தப்பு வந்தா வரட்டும். நிக்காம போயிட்டே இருங்க. கேக்கறவங்களுக்குத் தெரியவே தெரியாது."

"தெரியாதுன்னு உட்டுற முடியுமுங்களா டீச்சர்? தெரியாம போன தப்புதான் பின்னால ஆடிட்ல பெருசா வரும்."

"இங்க ஆடிட் எல்லாம் இல்ல சார்."

"அப்படித்தான் எல்லாரும் நெனைப்பாங்க."

வேறு வழியில்லாமல் அவர் கடைசி இரண்டு வரிகளைத் தனியாக எடுத்துப் பழக்கினார். தனியாக அவை எனக்கு ஒழுங்காக வந்தன. முதலிலிருந்து கிளம்பி அந்த இடத்துக்குப் போய்ச் சேரத்தான் முடியவில்லை. என் மனைவி அதை வேறொரு பாட்டு என்றே நினைத்திருந்தாள். இரண்டும் ஒன்றுதான் என்று நான் விளக்கியபோது அவள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்ப எட்டு மாசமா ஒரே பாட்டுத்தானுங்களா? நம்ம மலையில ஏறுற லாரியாட்டம் பாதி வளைவு வரைக்கும் மொனகிட்டு வருது, அப்பறம் ரிவர்ஸ்ல கீழ போயிருது. ஒரு நாளைக்காவது மேல வந்து சேருமுங்களா, சேராதுங்களா? அத மட்டும் சொல்லிப்போடுங்க, நான் எதிர்பாக்காம இருந்துக்கறேன்."

கிண்டல்தான். ஆனால் கேள்வி நியாயமானது.

பேக்கரிக் கதவில் இருந்த விதிகளில் ஒன்பதாவதைப் படித்தபோது, யாரோ என்னை நேரில் பார்த்து எழுதியதுபோல் இருந்தது. 'வாசிக்கத் தொடங்கிய பின் நிறுத்திவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பவர் போட்டியிலிருந்து நீக்கப்படுவார்.' நல்ல வாசகம். ஓட்டை இல்லாத விதி. வீட்டில் நான் பின்வாங்கினால் தடுக்க ஆளில்லை. ஆசிரியை சொன்னால் கேட்பதில்லை, மனைவி சொன்னால் கேட்டதுபோல் தலையாட்டுகிறேன். ஆனால் அச்சிட்ட விதி ஒன்றுக்கு நான் வாழ்நாளில் அடங்காமல் இருந்ததில்லை. விதி தடுத்தால் ஒருவேளை கடைசி வரி வரைக்கும் போய்விடுவேன். பரிசு எனக்கு வேண்டியதில்லை. அந்த எட்டாவது வரிக்கு, முதல் வரியிலிருந்து கிளம்பி, நாலு பேர் முன்னால், ஒரே ஒரு தடவை போய்ச் சேர வேண்டும். விண்ணப்பித்ததற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

விண்ணப்பப் படிவம் இரண்டு பிரிவுக்கும் பொதுவானது. 'படிக்கும் வகுப்பு' என்ற இடத்தில் 'பொருந்தாது' என்று எழுதினேன். வயதுச் சான்றாக ஓய்வூதிய ஆணையின் நகலை இணைத்தேன். கடைசியில் 'பெற்றோர் அல்லது காப்பாளர் கையொப்பம்' என்று ஒரு கட்டம் இருந்தது. கையொப்பமில்லாத விண்ணப்பம் ஏற்கப்படாது என்று அடிக்குறிப்பு வேறு. என் பெற்றோர் காலமாகி வெகுகாலம் ஆகிறது. கட்டத்தை வெற்றாக விடுவது என்னால் முடியாத காரியம். மனைவியைக் கூப்பிட்டேன். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை மேலிருந்து கீழ்வரை படித்தாள்.

"காப்பாளர்னா நாந்தானுங்களே?"

"ஆமா, இதுக்கு மட்டும்."

"எதுக்கு மட்டும்? முப்பத்தஞ்சு வருசமா அந்த வேலையத்தான பாத்துட்டு இருக்கறேன். இப்பத்தான் எழுத்துல வருது." நிறுத்தி நிதானமாகக் கையெழுத்திட்டு, 'உறவுமுறை' என்ற இடத்தில் 'மனைவி' என்று எழுதி, அடியில் கோடும் போட்டாள்.

ஒரு வாரம் கழித்துப் போட்டி நடத்துபவர்களிடமிருந்து தொலைபேசி வந்தது. ஓர் இளம்பெண்ணின் குரல்.

"போட்டியாளரோட தாத்தாவா பேசறீங்க?"

"போட்டியாளரே பேசுறேனுங்க."

"சார், வயசு அறுபத்து மூணுன்னு போட்டிருக்கு. டைப்பிங் மிஸ்டேக்கான்னு கேக்கத்தான்..."

"நான் கையால எழுதுனது. உங்க விதி ரெண்டு, பிரிவு 'ஆ'வைப் பாருங்க. உச்சவரம்பு இல்லை. நீங்க நிராகரிக்கறதா இருந்தா காரணத்தை எழுத்துல அனுப்போணும்."

எழுத்தில் எதுவும் வரவில்லை. அனுமதிச் சீட்டுதான் வந்தது.

போட்டி நடக்கும் இடம் நாகலூர்ப் பக்கத்தில் ஒரு காபி எஸ்டேட்டின் பங்களா. அங்கே நல்ல பியானோ ஒன்று இருந்தது. முதலாளி கூடத்தைக் கொடுக்கச் சம்மதித்திருந்தார். நாள் விஜயதசமி. பள்ளிகளுக்கு விடுமுறை, நடுவருக்கும் அன்றுதான் வசதி. அதற்கு முந்தின நாள் ஆயுத பூஜை என்பதை அட்டவணை போட்டவர் நாட்காட்டியில் பார்த்திருப்பார். எஸ்டேட்டில் ஆயுத பூஜை என்றால் என்ன என்பது நாட்காட்டியில் இருக்காது.

விஜயதசமி காலை ஒன்பதரை மணிக்கு நானும் மனைவியும் பஸ்ஸிலிருந்து இறங்கிப் பங்களாவுக்குள் நுழைந்தபோது, கூடத்தில் ஒரு கூட்டம் நின்றுகொண்டிருந்தது. நடுவில் பியானோ. அதன் நெற்றியில் மூன்று பட்டை விபூதி, நடுவே குங்குமம். இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டியிருந்தது. கழுத்து என்று சொல்லத்தக்க இடத்தில் சாமந்தி மாலை. மேலே ஒரு வெண்பூசணி. கட்டைகளின் மூடியில் வரிசையாகச் சந்தனப் பொட்டுகள். கீழே, ஒவ்வொரு சக்கரத்துக்கும் பக்கத்தில் ஓர் எலுமிச்சம்பழம் என்று நான்கு.

சென்னையிலிருந்து வந்திருந்த நடுவர் ஐம்பது வயதுப் பெண்மணி. பருத்திப் புடவையும் கைக்கடிகாரமுமாக இருந்தவர், அந்தக் கடிகாரத்தைப் பார்ப்பதும் பூசணியைப் பார்ப்பதுமாக நின்றார். எதிரே எஸ்டேட் ஜீப் டிரைவர், குளித்து வேட்டி கட்டி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எஸ்டேட்டில் எந்தப் பூஜையானாலும் அவர்தான் செய்வாராம்.

"யார் இதெல்லாம் பண்ணினது?" என்றார் நடுவர்.

"நாந்தானுங்கம்மா. நேத்து சாயங்காலம் ஜீப்பு, டிராக்டரு, காப்பிப் பழம் உரிக்கற பல்ப்பர் மெசினு, தராசு, எல்லாத்துக்கும் போட்டோம். இத மட்டும் உட்டா மனசு கேக்குமுங்களா?"

"இது வண்டி இல்லப்பா, பியானோ!"

"சக்கரம் இருக்குதுங்களே. கிரீசே இல்லாம கெடந்துதுங்க பாவம். நாலுக்கும் நல்லா கிரீஸ் போட்டு உட்டிருக்கறேன்."

"கிரீஸா? சக்கரத்துக்கு அடியில மரக் கிண்ணம் இருந்திருக்குமே, அது நகராம இருக்கறதுக்காக வச்சது. அது எங்க?"

"எலுமிச்சம்பழத்துக்கு எடம் வேணுமுல்லங்க? எடுத்து குடோன்ல வெச்சிருக்கறேன். பத்திரமா இருக்குது."

நடுவர் முன்னால் போய் மூடியைத் திறக்கக் கை நீட்டினார். டிரைவர் பதறிப்போய்க் குறுக்கே வந்தார். "அம்மா, தொடாதீங்க! பூசையில வெச்சதுங்க. வண்டின்னா நேத்தே எடுத்திருப்போம். ஆனா பாட்டுப் பொட்டிங்கறதால சரசுவதிக்கும் பாத்தியம் இருக்குதுல்லங்க? புஸ்தகமாட்டம் காத்தால மறுபூசை போட்டுத்தான் எடுக்கோணும். இது ரண்டுங்கெட்டானா இருக்குதுன்னுதான் நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்."

ஒரு பொருள் இரண்டு துறைகளின் அதிகார வரம்புக்குள் வந்தால் ஏற்படும் சிக்கலை அவர் சரியாகவே பிடித்திருந்தார். அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வந்தது. அந்த மரியாதையால்தான் நான் வாயைத் திறந்தேன் என்று பின்னால் மனைவியிடம் சொன்னேன், அவள் நம்பவில்லை.

"மறுபூசைக்கு என்ன நேரமாகப் போகுதுங்க?" என்று முன்னால் போனேன். "ஒரு கற்பூரம், கொஞ்சம் சுண்டல். அது முடிஞ்சதும் சாமிய வடக்கு பாத்து கொஞ்சம் நகத்தி வெச்சா பூசை முடிஞ்சதுன்னு அர்த்தம். வடக்கால தள்ளும்போதே எலுமிச்சம்பழத்து மேல ஏறி நசுக்கிரும், வண்டிக் கணக்கும் முடிஞ்சுது. ஒரே வேலையில ரண்டும் தீந்துருமுங்களே."

டிரைவரின் முகம் மலர்ந்துவிட்டது. "இது எனக்குத் தோணலை பாருங்க! ஐயா அய்யருங்களா?"

"ரெவின்யூவுங்க."

பத்து நிமிடத்தில் கற்பூரம் காட்டினார்கள். நடுவர் உட்படச் சுண்டல் வாங்கிக்கொண்டோம். பூசணியையும் வாழைக்கன்றுகளையும் இறக்கிவிட்டு, ஆறு பேர் தோள் கொடுத்துப் பியானோவை வடக்கே அரை அடி தள்ளினார்கள். நான்கு எலுமிச்சம்பழங்களும் ஒரே நேரத்தில் நசுங்கின. சக்கரங்கள் தோல்களின் மேல் ஏறி நின்றன. கூட்டம் கைதட்டியது. நேரமாகிவிட்டதால் மரக் கிண்ணங்களை யாரும் தேடவில்லை. பங்களாவின் சிவப்புச் சிமெண்டுத் தரை, கழுவிவிடும் தண்ணீர் வராந்தாவுக்கு ஓடுவதற்காக, வடக்கே லேசாகச் சரித்துப் போடப்பட்டது என்பதையும் யாரும் யோசிக்கவில்லை. நானும்தான்.

இளம் கலைஞர்கள் ஏழு பேர், வளரும் கலைஞர்கள் இரண்டு பேர். வளரும் பிரிவில் எனக்கு எதிராளி, சேலத்தில் பல் மருத்துவம் படிக்கும் ஓர் இளைஞன். பிள்ளைகளுக்கு முதலில் வாய்ப்பு. என் பக்கத்து நாற்காலியில் இரட்டைச் சடையுடன் பதினொரு வயதுச் சிறுமி உட்கார்ந்திருந்தாள். வாழவந்தியில் இருந்து அப்பாவின் பைக்கில் வந்தவள். என் மடியிலிருந்த புத்தகத்தை எட்டிப் பார்த்தாள்.

"தாத்தா, இது நான் போன வருசம் வாசிச்சது. முயல் புஸ்தகம்."

"அப்படிங்களா கண்ணு."

"அந்த எடது கை ஜம்ப் வருமுங்களா உங்களுக்கு?"

"ஊட்டுல வராது. இங்க எப்படின்னு தெரியல."

அவள் சற்று யோசித்தாள். "வரலீன்னா நிறுத்தாதீங்க. எங்க மிஸ் சொல்லுவாங்க, சிரிச்சுட்டே போயிரோணும்னு." அவளுடைய மிஸ்ஸும் என் ஆசிரியையும் ஒருவரே. பின்வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பார்ப்பதைத் தவிர்த்துக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் ஒவ்வொருவராகப் போய் வாசித்தார்கள். எல்லோரும் முடித்தார்கள். முடிப்பதை அவர்கள் ஒரு பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஏழாவது பிள்ளை வாசிக்கும்போது பியானோ கொஞ்சம் நெளிவதுபோல் எனக்குத் தோன்றியது. பதற்றத்தில் வரும் மயக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை அழைத்தபோது கூடத்தில் ஒரு சின்ன சலசலப்பு. போய் உட்கார்ந்தேன். நடுவர் படிவத்தைப் பார்த்து, "காப்பாளர் வந்திருக்காங்களா?" என்று வழக்கமான குரலில் கேட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். மூன்றாவது வரிசையில் என் மனைவி கையைத் தூக்கினாள்.

தொடங்கினேன். முதல் பக்கம் என் கைக்குள் இருந்தது. எட்டு மாதங்களாக அங்கேதானே குடியிருந்தேன். நான்காவது வரியில் கொஞ்சம் அழுத்தி வாசிக்க வேண்டிய இடம். எனக்கு அழுத்துவது என்றால் முத்திரை குத்துவதுதான். இரண்டு கையாலும் குத்தினேன். அப்போது எங்கோ கீழே, ஈரமான தோல் பிதுங்குவதுபோல் ஒரு சத்தம் கேட்டது. பியானோ மெதுவாக, ஒரு பெருமூச்சு விட்டதுபோல், என் வலது பக்கம் நகர்ந்தது. வலது பக்கம் வடக்கு.

முதலில் எனக்கு விளங்கவில்லை. நான் அழுத்திய கட்டை நான் நினைத்ததல்ல, அதற்கு இடது பக்கத்தில் இருப்பது. தவறு. முப்பத்தாறு ஆண்டுப் பழக்கம் விழித்துக்கொண்டு, கைகள் முதல் வரிக்குத் திரும்ப எழுந்தன. முதல் வரி அங்கே இல்லை. அது நான்கு விரற்கடை வடக்கே போய்விட்டிருந்தது. திரும்பிப் போக வேண்டுமானால் எங்கே போவது? தொடங்கிய மேஜையே கிளம்பிப் போய்க்கொண்டிருக்கும்போது கோப்பை யாருக்குத் திருப்பி அனுப்புவது?

இப்படி ஒரு நிலைமைக்கு எந்தக் கையேட்டிலும் விதி இல்லை. நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான். நாற்காலியைக் காலால் உந்தி வடக்கே நகர்த்திக்கொண்டு வாசித்தேன். பியானோ ஓர் அங்குலம் போகும். நானும் ஓர் அங்குலம் போவேன். ஐந்தாவது வரி முழுவதும் நாங்கள் இப்படிச் சேர்ந்து பயணம் செய்தோம்.

"வண்டி எறங்குது! கல்லு வைங்கடா!" என்று டிரைவர் கத்தினார். இரண்டு பேர் ஓடி வந்தார்கள்.

"யாரும் தொடக்கூடாது!" என்றார் நடுவர், எழுந்து நின்று. "போட்டி நடந்துட்டிருக்கு!"

"அம்மா, கதவுல போயி முட்டிக்குமுங்க!"

"சார் நிறுத்தினாத்தான் நிறுத்தணும். விதி ஒன்பது!"

ஆறாவது வரி வந்தது. அந்தத் தாவலுக்கு இடது கையைத் தூக்கினேன். எங்கே விழும் என்று கணக்குப் போட நேரமில்லை; நான் விட்ட இடத்துக்குக் கீழே பியானோதான் நகர்ந்து வந்துகொண்டிருந்தது. கை விழுந்தது. சரியான கட்டையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிழைகளைக் குறித்துக்கொள்ள நினைத்தேன். மூன்றாவது பிழையோடு கணக்கு விட்டுப்போயிற்று. அடுத்தடுத்து வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொன்றையும் பார்த்தேன், விட்டேன், நாற்காலியை உந்தினேன். "தாத்தா, போங்க, போங்க!" என்று இரட்டைச் சடை கத்துவது கேட்டது. ஏழாவது வரிக்குள் முதல் தடவையாகச் சொந்தக் காலால் நடந்து போனேன். வராந்தாக் கதவின் வெளிச்சம் பக்கத்தில் வந்துகொண்டிருந்தது. குளிர்ந்த பனிமூட்டம் முகத்தில் பட்டது.

எட்டாவது வரியின் கடைசித் தாளத்துக்கு இரண்டு தட்டு முன்னால் பியானோ கதவு நிலையில் இடித்து நின்றது. இடித்த அதிர்வில் அதன் தந்திகள் எல்லாம் ஒருமுறை முனகின. அது அடங்கும்வரை காத்திருந்து, கடைசியில் ஒன்றாய் ஒலிக்க வேண்டிய கட்டைகளை இரண்டு கையாலும் அழுத்தினேன். சரியாக விழுந்தது.

அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. முடிவுக்கு வந்து பழக்கமில்லாதவனுக்கு, முடிந்தபின் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்பது ஒரு பிரச்சினை. கட்டைகளின் மேலேயே வைத்திருந்தேன். ஒலி தேய்ந்து, ஒன்றுமில்லாமல் போகும்வரை முழுவதும் கேட்டேன். பிறகு டிரைவர் குனிந்து, இரண்டு சக்கரங்களுக்கு அடியில் செங்கல்லைச் செருகினார். அதன் பிறகுதான் கைதட்டினார்கள்.

நடுவர் என் பக்கத்தில் வந்து, எனக்கும் நாற்காலி கிளம்பிய இடத்துக்கும் நடுவே இருந்த தரையைப் பார்த்தார். சிவப்புச் சிமெண்டில் இரண்டு ஈரக் கோடுகள் ஏழு அடிக்குக் குறையாமல் நீண்டிருந்தன. "நிறுத்தலை," என்றார், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல். "முதல்லேருந்தும் வாசிக்கலை." மதிப்பெண் தாளில் எதையோ எழுதினார். தகுதிநீக்கம் இல்லை என்பது அதன் பொருள். மற்றவற்றைப் பற்றி நான் கேட்கவில்லை.

பியானோவைத் தெற்கே தள்ளிக் கொண்டுபோக யாருக்கும் தெம்பில்லை. மறுபடி நகர்த்தினால் மறுபடி பூஜை போட வேண்டுமா என்று டிரைவர் என்னிடம் தனியாக வந்து கேட்டார். கருத்துச் சொல்ல மறுத்துவிட்டேன். பார்வையாளர்கள் எழுந்து தங்கள் நாற்காலிகளை வடக்கே திருப்பிப் போட்டுக்கொண்டார்கள். பல் மருத்துவ மாணவன் கதவருகே, செங்கல் வைத்த பியானோவில், பாதி வராந்தாவும் பாதி கூடமுமாக உட்கார்ந்து, மிக நன்றாக வாசித்தான். வளரும் பிரிவில் முதல் பரிசு அவனுக்கு. இரண்டாம் பரிசு எனக்கு. இரண்டு பேர்தானே இருந்தோம். இளம் பிரிவில் இரட்டைச் சடைக்கு மூன்றாம் இடம். தனக்கும் அப்படி ஒரு நகரும் பியானோ கிடைத்திருந்தால் முதல் பரிசு வாங்கியிருப்பேன் என்று அவள் தன் அப்பாவிடம் வாதாடிக்கொண்டே போனாள்.

ஆசிரியை வெளியே ஸ்கூட்டரை உதைத்தபடி என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் கண் கலங்கியிருந்தது.

"எத்தனை தப்பு சார்?"

"கணக்கு எடுக்கலீங்க டீச்சர்."

"அப்பாடா," என்றார்.

பஸ்ஸில் என் மனைவியே இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுத்தாள். நாகலூர் தாண்டி இரண்டு நிறுத்தம் வந்தபின், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அவ்வளவுதானுங்களா அது?" என்றாள். "நல்லாத்தான் இருந்துது. இன்னும் கொஞ்சம் பெருசா முடியுமுன்னு நெனச்சேன்."

மாலையில் காபி குடித்துவிட்டு எங்கள் பியானோவின் முன்னால் உட்கார்ந்தேன். இது எங்கும் நகராது. சக்கரங்கள் என்றைக்கோ துருப்பிடித்துத் தரையோடு ஒட்டிவிட்டவை. முதல் வரியிலிருந்து தொடங்கினேன். ஐந்து வரி ஒழுங்காகப் போயிற்று. ஆறாவதில் இடது கை தாவியது, பக்கத்துக் கட்டையில் விழுந்தது. இரண்டு கைகளும் எழுந்து, முதல் வரிக்குத் திரும்பி, தொடங்கத் தயாராக நின்றன.

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தத்தோடு ஒரு முனகல் கேட்டது. என் மனைவி ஏழாவது வரியை வாய்க்குள் பாடிக்கொண்டிருந்தாள். சுருதி அங்கங்கே விலகியது, அவள் நிற்கவில்லை. எட்டாவது வரியையும் பாடி முடித்து, குழாயை மூடினாள்.